ஐம்பது ரூபாய் அபராதத்தை மாற்ற யாரிடம் போவது, என்ன கேட்பது?

வாசகர் கேள்வி: உடுமலைப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் தான் வளர்க்கும் நாயை மொட்டை மாடியில் கட்டிப்போட்டு, தண்ணீர்கூட வைக்காமல், இரும்புக் குழாயால் அடிக்கிறார். போலீஸில் சொன்னால், “அம்பது ரூபா ஃபைன், அதுக்கு நீங்க கோர்ட்டுக்கு அலையப் போறீங்களா?” என்கிறார்கள். பொள்ளாச்சி சந்தையிலிருந்து கேரளா போகும் லாரிகளில் மாடுகளை நெருக்கி அடைத்துக் கொண்டுபோவதையும் பார்க்கிறோம். நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் 4,000 கையெழுத்து வாங்கி, பிரதமர், முதல்வர் இருவருக்கும் அனுப்பினோம். ஒரு விழாவில் எம்.எல்.ஏ.வுக்குச் சால்வை போட்டு மனு கொடுத்தோம். எட்டு மாதமாகப் பதில் இல்லை. சட்டத்தைக் கடுமையாக்க எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்? இதற்கு டிரஸ்ட் பதிவு செய்ய வேண்டுமா?

பதில்:

உங்கள் மனுவில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. அதனால்தான் அது எந்த மேஜையிலும் நிற்கவில்லை. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

லாரி விஷயத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை. கால்நடைகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சரக்கு வாகனத்தில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. 2015-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 125-இ விதி, ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் என்று தடுப்புப் போட்டு இடம் ஒதுக்கச் சொல்கிறது. இவ்வளவும் இருக்கும்போது “சட்டம் கொண்டுவாருங்கள்” என்று எம்.எல்.ஏ.விடம் கேட்டால், அவர் துறைக்கு அனுப்புவார். துறை “ஏற்கெனவே உள்ளது” என்று ஒரு வரியில் முடித்துவிடும். இதற்கான மனு கலெக்டர், எஸ்.பி., வட்டாரப் போக்குவரத்து அலுவலர் மூவருக்கும் போக வேண்டும்: சந்தை நாள்களில் சோதனைச் சாவடியில் கூட்டுத் தணிக்கை, எத்தனை வாகனம் பிடிபட்டது என்ற மாதாந்தர விவரம், பறிமுதலாகும் மாடுகளை எங்கே வைப்பது என்ற ஏற்பாடு. கடைசியில் சொன்னதுதான் உண்மையான சிக்கல். மாடுகளை இறக்கிவைக்க இடமும் தீவனச் செலவுக்கு ஆளும் இல்லையென்றால் எந்த இன்ஸ்பெக்டரும் லாரியை நிறுத்த மாட்டார். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரிகள் தரப்பையும் கேட்டுவிட்டுப் போங்கள். லாரிக்கு ஆறு மாடு என்றால் ஒரு மாட்டுக்கான வாடகை எகிறும். அந்தக் கணக்கை அவர்கள் உங்களுக்கு முன்பே கலெக்டரிடம் சொல்லியிருப்பார்கள்.

நாய் விஷயம்தான் சட்டத்தின் ஓட்டை. 1960-ஆம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டத்தின் 11(1) பிரிவில், அடிப்பது, பட்டினி போடுவது, குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது எல்லாம் குற்றம்தான். தண்டனை, முதல் முறை 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் போட்ட தொகை அப்படியே நிற்கிறது.

ஆனால் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற இரண்டு ஓட்டைகள் கண்ணில் படாது. ஒன்று, 31-ஆம் பிரிவு. 11(1)-இல் (எல்), (என்), (ஓ) என்ற மூன்று உட்பிரிவுகளும் 12-ஆம் பிரிவும் மட்டுமே போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடியவை. கொடூரமாகக் கொல்வதும் உறுப்பைச் சிதைப்பதும் (எல்)-இல் வரும். அடிப்பதும் தண்ணீர் தராமல் கட்டிவைப்பதும் வராது. அவற்றை விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். போலீஸ்காரர் கையை விரித்ததற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. மற்றொன்று, 36-ஆம் பிரிவு: சம்பவம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் வழக்குத் தொடர முடியாது. எட்டு மாதத்துக்கு முன் நடந்ததற்கு இனி ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் அவர் இன்னும் அடிக்கிறார் என்றால் ஒவ்வொரு முறையும் புதுக் குற்றம். தேதியுடன் வீடியோ எடுத்துவைத்து, எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு சிறை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ அது பாயும். ஆனால் அது பிறருக்கு நஷ்டம் விளைவிக்கும் குற்றம் என்ற வரிசையில் வருகிறது. தன் சொந்த நாயை அடிப்பவர்மீது அதை நிலைநிறுத்துவது கடினம். உங்கள் வழக்கு விழுவது சரியாக இந்த இடைவெளியில்தான்.

ஆகவே கோரிக்கை மூன்று வரிதான்: 11(1)-இன் அபராதத்தை உயர்த்த வேண்டும், அடிப்பது, பட்டினி போடுவது ஆகிய உட்பிரிவுகளை 31-இல் சேர்க்க வேண்டும், 36-இல் உள்ள மூன்று மாதத்தை ஓராண்டாக்க வேண்டும். மூன்றில் ஒன்றுதான் நடக்கும் என்றால் 31-ஐத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அபராதம் 5,000 ஆனாலும் போலீஸ் வழக்கே பதிய முடியாவிட்டால் பயன் குறைவு.

இதை யார் செய்ய முடியும்? விலங்குகள் மீதான கொடுமையைத் தடுப்பது அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 17-ஆவது இனம். நாடாளுமன்றமும் திருத்தலாம், தமிழகச் சட்டப்பேரவையும் திருத்தலாம். மாநிலம் மத்தியச் சட்டத்துக்கு முரணாகத் திருத்தினால் அரசியலமைப்பின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். இது ஏட்டளவு வழியல்ல. ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரியில் இதே 1960 சட்டத்தைத்தான் பேரவை திருத்தியது, ஒப்புதலும் கிடைத்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மெரினா நிறைந்திருந்தபோது நாள்களில் நடந்தது, சாதாரண மசோதாவுக்கு ஆண்டுகள் ஆகும்.

ஜல்லிக்கட்டைச் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ‘மிருகவதை’ என்ற சொல்லைக் கேட்டதும் எம்.எல்.ஏ.வுக்கு நினைவுக்கு வருவது 2014-ஆம் ஆண்டுத் தடைதான். உங்கள் மனுவின் இரண்டாவது வரியிலேயே எழுதிவிடுங்கள்: “இக்கோரிக்கை 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொடவில்லை, 11(3)-இல் விலக்களிக்கப்பட்ட கொம்பு தீய்த்தல், காயடித்தல், சூடு வைத்தல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றையும் தொடவில்லை.” இந்த ஒரு வரி இல்லாமல் போனால், மாடு வளர்ப்பவர்கள் உங்களுக்கு எதிராக அவரிடம் வந்து நிற்பார்கள். அவர்கள் எண்ணிக்கை உங்களைவிட அதிகம் என்பது அவருக்குத் தெரியும். இறைச்சி, பலி என்ற பக்கமே போகாதீர்கள். போனால் அது கட்சி விவகாரமாகிவிடும்.

சால்வையோடு கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று ஊகிக்க முடிகிறது. விழா மேடையில் வாங்கும் காகிதம் உதவியாளர் கைக்குப் போய், காரின் பின்சீட்டுக்குப் போகும். தொகுதி அலுவலகத்தில் உதவியாளரிடம் நேரம் கேட்டு, மூன்று பேர் மட்டும் போங்கள். அதில் ஒருவர் கால்நடை மருத்துவராகவோ பால் ஊற்றும் விவசாயியாகவோ இருந்தால் பேச்சே மாறும். கையில் ஒரே ஒரு தாள். அடிபட்ட விலங்குகளின் படங்களைக் காட்டாதீர்கள். பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார், விஷயமும் அதோடு போகும்.

அந்தத் தாளில் முதலில் யார் கேட்கிறார்கள் என்பது வர வேண்டும். பெங்களூரிலும் துபாயிலும் இருந்து விழுந்த 4,000 இணையக் கையெழுத்தைவிட, தொகுதிக்குள் ஊர்ப் பெயர், கைபேசி எண்ணோடு 200 கையெழுத்து கனமானது. அடுத்து இரண்டு மூன்று எண்கள், உங்கள் மாவட்டத்தினுடையவை. கடைசியில், அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல். “ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று முடிக்கும் மனுவில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஆளுங்கட்சி உறுப்பினர் என்றால் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள். கால்நடை பராமரிப்புத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் (துறையின் செலவுக்குப் பேரவை ஒப்புதல் தரும் விவாதம்) அவருக்குப் பேச வாய்ப்பு வருமானால், நாலு வரி எழுதிக் கொடுத்தால் வாசித்துவிடுவார். அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி அதிருப்தி காட்டும் வெட்டுத் தீர்மானத்தை அவரிடம் கேட்பது வீண். எதிர்க்கட்சி என்றால் அதையே கேட்கலாம்; அமைச்சரை அவையில் பதில் சொல்ல வைக்கும் கவன ஈர்ப்பும் கேட்கலாம். காலம் முக்கியம். பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஐந்தாறு வாரம் முன்பே சந்தித்துவிட வேண்டும். பேரவை நடக்கும் வாரத்தில் போனால் அவர் சென்னையில் இருப்பார்.

எண்களுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி: கடந்த மூன்று ஆண்டுகளில் 11-ஆம் பிரிவில் பதிவான வழக்குகள் எத்தனை, தண்டனை எத்தனை, மொத்தம் வசூலான அபராதம் எவ்வளவு? ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி கேட்காதீர்கள். கையிலுள்ள ஆவணத்தைத்தான் தருவார்கள், விளக்கம் தர மாட்டார்கள். இன்னொன்று கலெக்டர் அலுவலகத்துக்கு: 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்டத்தில் அமைக்க வேண்டிய மிருகவதை தடுப்புச் சங்கம் இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, கூட்டக் குறிப்பின் நகல். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் ‘இல்லை’ என்று வந்தால் அதுவே உங்கள் தாளின் வலுவான வரி. சங்கத்தை அமைக்கப் பேரவை கூட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.

இது பொதுவாகவே மறந்துவிடும் விஷயம். நாட்டில் விலங்குகளுக்காகக் கிடைத்த பல மாற்றங்கள் சட்டத் திருத்தத்தால் வந்தவை அல்ல. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதற்கான தடை 2014-இல் மருந்து, அழகுசாதன விதிகளில் திருத்தமாக வந்தது. டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்றது 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அனுப்பிய ஒரு சுற்றறிக்கை. ஆனால் விதி என்பது தாய்ச் சட்டத்தைத் தாண்டிப் போனால் அடிபடும். 2017 மே மாதம் வந்த கால்நடைச் சந்தை விதிகளுக்கு ஒரே வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது நினைவிருக்கலாம். உங்கள் கோரிக்கையில் இருக்கும் மூன்றும் சட்டத்தின் உடலிலேயே இருப்பதால், அங்கே மட்டும் குறுக்குவழி இல்லை.

எம்.பி. பக்கம் வருவோம். உடுமலைப்பேட்டை பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில் வருகிறது. அந்தத் தொகுதி எம்.பி.யோடு நிற்காமல் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரையும் பாருங்கள். தமிழகத்துக்கு 18 பேர். கல்யாண வீடும் சாலைப் பணியும் அவ்வளவாக இழுக்காததால் இப்படிப்பட்ட விஷயத்துக்கு நேரம் கிடைக்கும். 2019 முதல் இந்தச் சட்டம் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதினால் அது சுற்றிவர ஒரு மாதம் ஆகும்.

எம்.பி.யிடம் கேட்க வேண்டியது முதலில் எழுத்துவழிப் பதில் பெறும் கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 230 கேள்விகளுக்கு இப்படிப் பதில் வரும். வாய்மொழிப் பதிலுக்கு 20-க்குத்தான் இடம். 15 முழு நாள்களுக்கு முன் அறிவிப்பு கொடுக்க வேண்டும், 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது, வாதமும் கருத்துக் கேட்பதும் இருந்தால் தள்ளிவிடுவார்கள். நீங்களே எழுதிக் கொடுக்கலாம், இப்படி:

“மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) 1960-ஆம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டம் 11(1) பிரிவின் அபராதத் தொகையைத் திருத்த ஏதேனும் கருத்துரு அரசிடம் உள்ளதா, (ஆ) இருப்பின், 2022 நவம்பரில் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்ட வரைவு மசோதாவின் தற்போதைய நிலை என்ன, (இ) 31-ஆம் பிரிவை விரிவாக்கக் கோரி மாநில அரசுகளிடமிருந்து கடிதங்கள் வந்துள்ளனவா, வந்திருப்பின் மாநிலவாரி விவரம் என்ன?”

இதில் (ஆ)தான் உயிர். “பரிசீலனையில் உள்ளது” என்று அமைச்சர் சொன்னால், கேட்கச் சலிப்பாக இருக்கும் அந்தச் சொற்றொடர் அவையில் ஓர் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அரசு உறுதிமொழிகள் குழு துறையிடம் கேட்கும். பெரும்பாலும் கால நீட்டிப்புதான் வாங்குவார்கள். இருந்தாலும் கோப்பு மூடப்படாமல் இருக்கிறது என்பதே லாபம். பதில் வந்த மறுவாரம் அதை எடுத்துக்கொண்டு எம்.பி.யிடம் மறுபடி போக வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மக்களவையின் மனுக்கள் குழுவுக்கும் நேரடி வழி உண்டு. மனு அவையை நோக்கி எழுதப்பட வேண்டும், எம்.பி. ஒருவர் மூலம் கொடுத்தால் அவர் மேலொப்பமிட வேண்டும். ஒவ்வொருவரும் முழுப் பெயர், முகவரியோடு கையெழுத்திட வேண்டும். இந்தி அல்லது ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு வேண்டும். கடிதமோ பிரமாணப் பத்திரமோ வேறு ஆவணமோ இணைக்கக்கூடாது. இணைத்ததாலேயே திரும்பி வந்துவிடும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தையும் எடுக்க மாட்டார்கள். தெருநாய் விவகாரம் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் சூடுபிடித்த ஒன்று. அதை இந்த மனுவுக்குள் கொண்டுவராதீர்கள்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கேட்கலாமா? கேட்கலாம், நிறைவேறும் என்று எண்ணி அல்ல. இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-இல். ஆனால் இந்த 1960 சட்டமே அப்படித்தான் பிறந்தது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒன்று கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததும் அவர் விலக்கிக்கொண்டார். இடையில் குழு, அறிக்கை என்று ஆண்டுகள் ஓடி 1960-இல் சட்டமானது. நிறைவேறாமல் போகும் மசோதாவின் வேலை அரசை வாய் திறக்க வைப்பது.

1960 சட்டத்தைத் திருத்த மத்திய அரசு வெளியிட்ட அந்த 2022 வரைவைப் பற்றி ஒரு சொல். அடிப்படைக் குற்றங்கள் பலவற்றை போலீஸ் நேரடியாக எடுத்துக்கொள்ளக்கூடியதாக்கி, அபராதத்தையும் ஆயிரங்களுக்குக் கொண்டுபோனது, இன்னும் சட்டமாகவில்லை. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் டிசம்பர் 7 வரை, மூன்று வாரம்கூட இல்லை. சட்டம் இயற்றுமுன் மக்களிடம் கருத்துக் கேட்கச் சொல்லும் 2014-ஆம் ஆண்டு முன்கலந்தாய்வுக் கொள்கையோ குறைந்தது 30 நாள் என்கிறது. மறுபடி வரைவு வந்தால் மறுபடியும் அவசரமாகத்தான் வரும் என்று வைத்துக்கொண்டு, இப்போதே ஓர் அட்டவணை தயார் செய்து வையுங்கள்: பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், வேண்டிய வாசகம், காரணம் இரண்டு வரி. ஒரே மாதிரி அச்சடித்த மின்னஞ்சல் ஆயிரம் போனால் துறையில் அதை ஒன்றாகக் கட்டி ‘ஒரே கருத்து’ என்று எண்ணிவிடுவார்கள். பிரிவுவாரியாக எழுதிய பத்துக் கடிதங்களுக்குப் பத்துக் குறிப்பு போட்டாக வேண்டும்.

தண்டனையை எவ்வளவு உயர்த்தச் சொல்வது என்பதில் நிதானம் வேண்டும். கோபத்தில் “ஐந்து ஆண்டு, ஜாமீன் கிடையாது” என்று எழுதத் தோன்றும். தண்டனை கூடக்கூட விசாரணை நீளும், சாட்சி வர மாட்டார், வழக்குப் போடவே போலீஸ் தயங்கும். முதல் குற்றத்துக்குச் சில ஆயிரம் அபராதம், திரும்பச் செய்தால் சிறை, விலங்கைப் பறிமுதல் செய்து பராமரிப்புச் செலவை உரிமையாளரிடமே வசூலிப்பது என்ற அளவில் கேட்டால் சட்டத் துறையில் தடை குறைவு.

கிராம சபைத் தீர்மானம் உதவுமா என்றால், அதையும் சொல்லிவிடுகிறேன்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஏதாவது ஒன்றில் ஒரு தீர்மானம் போட்டு வாங்கினால் தாளோடு கொடுக்கலாம். சட்டத்தை மாற்றாது, எம்.எல்.ஏ.வுக்குத் தைரியம் தரும். தேர்தல் நெருங்கும்போது கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்கள் மாவட்டம் மாவட்டமாக வரும். அங்கும் அதே ஒரு தாள்.

டிரஸ்ட் தேவையில்லை. மனு கொடுக்கவும், எம்.பி.யைச் சந்திக்கவும், ஆர்.டி.ஐ. போடவும் தனிநபராகவே உரிமை உண்டு, ஆர்.டி.ஐ.யைத் தனிநபர் பெயரில்தான் போட வேண்டும். டிரஸ்ட் பதிவு செய்தால் வரிக் கணக்கு, தணிக்கை என்று உங்கள் மாலை நேரம் அங்கேயே போய்விடும். பிடிபடும் மாடுகளுக்குக் கொட்டகை போட நன்கொடை திரட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் பதிவைப் பற்றி யோசியுங்கள்.